சுவர் மெத்தை: ஒட்டுவதா, தொங்கவிடுவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் முன்பள்ளி நடத்துபவரும் கொட்டாஞ்சேனையில் கராத்தே வகுப்பு வைத்திருப்பவரும் சுவருக்கு மெத்தை அடிக்க விரும்புவது நியாயமே. ஆனால் கொழும்பில் அந்த மெத்தையைக் கெடுப்பது பிள்ளைகளின் உதை அல்ல, சுவரின் ஈரம். பசை பூசி நேரே ஒட்டினால் பின்புறம் பூஞ்சணம் பிடித்து மணக்கும். கழற்றப் போனால் சுவர்ப் பூச்சும் கூடவே பெயரும்.

ஆகவே முதலில் சுவரைச் சோதியுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கமாக நீர் துளிர்த்திருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. மறுபக்கம் குளியலறையா, கூரைத் தண்ணீர் இறங்குகிறதா என்று தேடித் திருத்துங்கள். உப்புப் பூத்த சுவருக்குப் பெயின்ற் அடித்து மறைப்பது வீண் செலவு.

இனி மெத்தை: பிளைவூட் பலகை, அதன்மேல் ஸ்பொஞ்ச், அதைப் போர்த்தும் ரெக்சின் என்ற செயற்கைத் தோல். 8 அடிக்கு 4 அடி பிளைவூட், 12 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு தகட்டில் 2 அடி அகலம், 6 அடி உயரமான பலகை இரண்டு வரும். மிஞ்சும் இரண்டடிச் சதுரங்கள் தூண்களுக்கு உதவும். 20 அடிச் சுவருக்குப் பத்துப் பலகை, அதாவது ஐந்து தகடு. அகலத்தை இருபத்துமூன்றே முக்கால் அங்குலமாக வெட்டுங்கள். ரெக்சின் மடிப்பும் இடம் பிடிக்கும். சரியாக 24 வெட்டினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. ஒவ்வொரு பலகையிலும் நாலைந்து சிறு துளைகள் போட மறக்க வேண்டாம். மோதும்போது காற்று வெளியேற வழியில்லாவிட்டால் ரெக்சினின் ஓரம்தான் பிரியும்.

ஸ்பொஞ்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கதிரைக்குப் போடும் மெல்லிய ஸ்பொஞ்ச் உதவாது. பெருவிரலால் அழுத்தும்போது பலகை தட்டுப்பட்டால் தலை மோதும்போதும் தட்டுப்படும். துண்டு ஸ்பொஞ்சை அழுத்திச் செய்த கெட்டி ரகம், 2 அங்குலத் தடிப்பில், கன மீற்றருக்கு 80 முதல் 100 கிலோ அடர்த்தியில் கேளுங்கள். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை வேண்டவே வேண்டாம். ஒரு மோதலிலேயே நசுங்கும், கொன்ரக்ட் பசை (contact) பட்டாலே கரையும்.

ரெக்சின் 54 அங்குல அகலத்தில் வரும். ஒரு பலகைக்கு 33 அங்குல அகலமும் 81 அங்குல நீளமும், அதாவது இரண்டேகால் யார், தேவை. ஸ்டேப்பிளை ஒவ்வொரு பக்கத்தின் நடுவில் தொடங்கி மூலையை நோக்கி, ஒன்றரை அங்குல இடைவெளியில் அடியுங்கள். மூலையில் தொடங்கினால் சுருக்கம் விழும். ஸ்டேப்பிள் துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும்; கடற்காற்று சாதாரணக் கம்பியை விடாது.

மாட்டுவதற்கு, 45 பாகையில் சரித்து வெட்டிய இரண்டு மரச்சட்டங்கள் போதும். ஒன்று சுவரில், மற்றது பலகையின் முதுகில். ஒன்றின்மேல் ஒன்று கொளுவும். பலகையின் அடியிலும் அதே தடிப்பில் ஒரு சட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி உள்ளே சாயும். இப்படிச் செய்தால் பின்னால் காற்றோட இடைவெளி தானாகவே கிடைக்கும். பலகை ஏறக்குறைய 14 கிலோ வரும். ஆணி செங்கல்லைப் பிடிக்க வேண்டும், பூச்சை அல்ல. ஆகவே சுவர்த் துளையில் செருகும் 8 மில்லிமீற்றர் பிளக்கும் பூச்சைத் தாண்டிச் செல்லும் நீளமான ஸ்குரூவும் போடுங்கள். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் சாதாரண பிளக் சுழன்று கொண்டேயிருக்கும். அங்கே விரிந்து பிடிக்கும் வகை தேவை. தரையிலிருந்து 4 அங்குலம் விட்டு மாட்டுங்கள், தரை கழுவும் தண்ணீர் ஏறாது. மேலே ஒரு அங்குலம் விட்டால்தான் தூக்கிக் கழற்றலாம். குழந்தைகள் தூக்காதபடி அடியில் ஒரு ஸ்குரூ.

மின்சார பிளக் பொயின்றை மூடி மெத்தை போடாதீர்கள். ஸ்பொஞ்ச் எரிந்தால் நெருப்பைவிட நச்சுப் புகைதான் முதலில் ஆளைக் கொல்லும். தீ பரவாத ரகம் விலை கூட, ஆனால் முன்பள்ளிக்கு அதில் பேரம் பேசக்கூடாது.

தென்மேல் பருவமழை ஓய்ந்ததும், வெளிச்சுவர் பக்கமாக உள்ள ஒரு பலகையையாவது கழற்றி முதுகைப் பாருங்கள்.