மிஸ்ஸின் தேத்தண்ணி ஏன் ஆறிப்போகிறது?

[காட்சி: இரவு நேர வைத்தியசாலை விடுதி. மேசையில் ஒரு கோப்பை, அதன்மேல் அட்டைத் துண்டு.]

வணக்கம். போன வருடம் அம்மாவுக்குச் சுகமில்லாமல் வன்னியில் ஒரு வைத்தியசாலையில் ஐந்து இரவு அவரோடு நின்றேன். முதல் இரவே கண்ணில் பட்டது இந்தக் கோப்பை. ஒன்பதரைக்கு யாரோ ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி. கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, எறும்பு விழாமல் மூடி வைத்துவிட்டு மிஸ் (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அடுத்த கட்டிலுக்குப் போனார். சேலைன் மாற்ற வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், ஒரு ஐயாவைக் கையில் பிடித்து மலசலகூடம் வரை கூட்டிப்போக வேண்டும். விடியப்புறம் மூன்றரைக்கும் அந்த அட்டை அசையவில்லை.

"மிஸ், தேத்தண்ணி ஆறிட்டுது."

"பிறகு குடிக்கிறன் தங்கச்சி."

அவருக்குப் பின்னால் சுவரில், ஊழியர் நலன் பற்றிய சுவரொட்டி. நிறையத் தண்ணீர் குடியுங்கள், போதிய நித்திரை கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அதை ஒட்டியவர்கள் நல்ல மனதோடுதான் ஒட்டியிருப்பார்கள். ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது தாதியருக்குத் தெரியாத விஷயமா? குடிக்கப் போகும் ஐந்து நிமிடத்துக்கு விடுதியை யார் பார்ப்பது?

[காட்சி: 'பர்ன்அவுட்' என்ற சொல் திரையில்.]

பர்ன்அவுட் என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் அதற்கு விளக்கம் கொடுத்தபோது, அது ஒரு நோயல்ல, சமாளிக்கப்படாமல் நீண்டுகொண்டே போகும் வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. உடம்பு ஓய்ந்துபோகும், வேலையில் மனம் ஒட்டாது, நான் செய்வதால் என்ன பயன் என்ற எண்ணம் வரும். காரணம் வேலையில் இருக்கிறது என்றால், மருந்தையும் வேலையில்தானே தேட வேண்டும்?

ஊழியருக்கான நலத்திட்டம் பலன் தருமா என்று அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகம் சோதித்துப் பார்த்தது. கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நலத்திட்டத்தைத் திறந்துவிட்டார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. மருத்துவச் செலவிலோ லீவு எடுப்பதிலோ சொல்லும்படி மாற்றம் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள், ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள். தெம்பு இருப்பவர்தான் யோகா வகுப்புக்கு வருவார். மிகவும் களைத்தவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

[காட்சி: ஒரு தாதி, சுற்றிலும் கட்டில்கள். கட்டில்கள் ஒவ்வொன்றாகக் கூடுகின்றன.]

இப்போது எதிர்ப்பக்கம். லிண்டா எய்க்கன் என்ற ஆய்வாளரின் குழு பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளைப் பார்த்து 2002இல் எழுதியது: ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போது, அந்தத் தாதி பர்ன்அவுட் ஆகும் சாத்தியம் 23 வீதம் கூடுகிறது. சத்திரசிகிச்சை நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் சாத்தியமும் 7 வீதம் கூடுகிறது. தாதியின் களைப்பும் அம்மாவின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. அந்த இரவு எங்கள் விடுதியில் 30க்கு மேல் கட்டில்கள், மிஸ்மார் இரண்டு பேர்.

வன்னிக்கு இன்னும் சில பாரங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் பலர். வீட்டில் சின்னப் பிள்ளை, இடையில் மணித்தியாலக் கணக்கில் பஸ் பயணம். இங்கேயே பிறந்தவருக்கு வேறு பாரம். கட்டிலில் கிடப்பவர் ஒரு நாள் படிப்பித்த ரீச்சராகவும் இருக்கலாம், அயல்வீட்டு மாமாவாகவும் இருக்கலாம். அவர் கண்மூடினால் திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். போர் நடந்த 2009 மாசியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஷெல் வீச்சுக்கு உள்ளாகி, நோயாளிகளைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோன நாட்களைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் போதாது. கதைத்தது வெளியே போகாது என்று நம்பக்கூடிய ஒரு உளவள ஆலோசகர் வேண்டும், அவரைப் பார்ப்பது டியூட்டி நேரத்துக்குள் அமைய வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ரோஸ்டரை, அதாவது டியூட்டி அட்டவணையைப் பாருங்கள். அடுத்த மாத ரோஸ்டர் முன்கூட்டியே கைக்கு வந்தால் பிள்ளையை யாரிடம் விடுவது என்று ஒழுங்கு செய்யலாம். இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை நிற்பவருக்கு, நடுவில் 20 நிமிடமாவது கண்ணயர ஒரு கட்டிலும், அந்த நேரம் விடுதியைப் பார்க்க இன்னொரு ஆளும் வேண்டும். விடியப்புறம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் உடல் வெப்பநிலை இறங்கி, விழிப்பும் மிகக் குறைந்திருக்கும். மருந்து அளவு பிழைக்கக்கூடிய நேரம் அது.

மூன்றாம் இரவு இதை நேரில் பார்த்தேன். பக்கத்து விடுதி மிஸ் வந்து, "அக்கா, நான் பாக்கிறன், நீங்க போய்ப் படுங்கோ" என்றார். இருபது நிமிடத்தில் இவர் முகம் கழுவித் திரும்பி வந்தபோது நடையே வேறாக இருந்தது. அதை அவர்கள் தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொண்டார்கள். ரோஸ்டரில் அது எழுதியிருக்கவில்லை. எழுதப்பட வேண்டும்.

[காட்சி: தகரக் கூரை, உச்சி வெயில்.]

பிறகு, தாதியர் தங்கும் குவாட்டர்ஸ். இரவு முழுக்க நின்றவர் பகலில்தான் தூங்க வேண்டும். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே யாருக்கு நித்திரை வரும்? கூரைக்கு உட்தட்டு, வெளிச்சம் புகாத திரைச்சீலை, ஓடுகிற ஒரு மின்விசிறி. அடுத்த நலத்திட்டத்துக்குக் காசு ஒதுக்குபவர்கள் மண்டபத்தில் விரிவுரைக்குக் கதிரை அடுக்குவதற்கு முன், மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறைகளில் ஒன்றில் அரை மணித்தியாலம் படுத்துப் பார்க்கட்டும்.