கடைசி ஆளோட வேகம்: வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவி

வணக்கம் மக்களே. பின்னாடி மணிச்சத்தம் கேக்குதா? மூட்டை ஏத்தின குதிரை போகுது. கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல்ல இருந்து காட்டுப்பாதையில இறங்கி வெள்ளகவி கிராமத்துக்கு வந்துட்டோம். இந்த ஊருக்கு ரோடு கிடையாது. அரிசி பருப்பு உள்ள வர்றதும், காபியும் பட்டர் ஃப்ரூட்டும் வெளிய போறதும் குதிரை முதுகுலதான். ஊர் எல்லையிலயே செருப்பைக் கழட்டிரணும். கோயிலும் வீடும் ஒட்டியே இருக்கு, ஊர்க்காரங்களும் வெறுங்கால்லதான் நடக்கறாங்க. நாங்க 14 பேரும் ஷூவைக் கையில தூக்கிட்டுதான் உள்ள வந்தோம்.

காலேஜ் மலையேற்றக் குழுவுல இது எனக்கு மூணாவது வருஷம். இன்னைக்கு நான் ஸ்வீப், அதாவது கடைசி ஆள். எனக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது, அதான் என் வேலை. இதை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். போன வருஷம் பூம்பாறைப் பக்கம் நான்தான் லீட், அதாவது முன்னாடி போற ஆள். வேகமா போய்ட்டேன். முதல் வருஷப் பொண்ணு ஒருத்தி ஷூ லேஸ் கட்ட நின்னிருக்கா. பாதை ரெண்டா பிரியற இடத்துல கால் மணி நேரம் தனியா நின்னு அழுதிருக்கா. மூடுபனி வேற. அவ முகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது. முன்னாடி போறவனுக்குப் பாதை மட்டும்தான் தெரியும். ஆளுங்களைப் பாக்கணும்னா பின்னாடி நடக்கணும்.

வட்டக்கானல்ல இருந்து முழுக்க இறக்கம். மூச்சு வாங்காது, முட்டிதான் வாங்கும். வேரும் ஈரக்கல்லுமா இருக்கு, அட்டைப்பூச்சி வேற. தம்பி ஒருத்தனுக்கு பாதி வழியிலயே முட்டி பிடிச்சிருச்சு. பையை நாங்க பிரிச்சுக்கிட்டோம், அவனுக்கு ஒரு கம்பு குடுத்து பக்கவாட்டுல கால் வச்சு இறங்கச் சொன்னேன்.

வத்தலக்குண்டுப் பக்கம் காட் ரோடு, அதாவது வண்டி போற மலைச்சாலை, 1914ல முடியற வரைக்கும், கொடைக்கானல் வர்றவங்க பெரியகுளம் பக்கத்துல இருந்து நடந்தோ குதிரையிலயோ டோலியிலயோதான் ஏறியிருக்காங்க. இந்த மலையில நடைதான் மூத்தது.

பர்மிஷன் எதுக்கு, நேரா போயிரலாமேன்னு கமெண்ட்ல கேக்கறீங்க. தயவுசெஞ்சு அப்படிப் போகாதீங்க. 2018 மார்ச் 11, போடி பக்கம் குரங்கணியில காட்டுத்தீ. மலையேறப் போனவங்கள்ல 23 பேர் இறந்துட்டாங்க. காஞ்ச புல்லுல தீ மேல்நோக்கி ஏறற வேகத்துக்கு மனுசன் ஓட முடியாது. அதனாலதான் பிப்ரவரி பிறந்தா எங்க குழு புல்வெளிப் பக்கமே போகாது. மத்த மாசத்துலயும் வனத்துறை அனுமதியும் வழிகாட்டி அண்ணனும் இல்லாம கிளம்ப மாட்டோம். அண்ணன் இந்தப் பக்கத்து ஆள். யானைச் சாணியைத் தொட்டுப் பாத்தே எப்ப போச்சுன்னு சொல்றாரு.

சரி, வந்த வழியே இனி ஏறணும். ஏத்தத்துல வரிசை மாறும். முட்டி வலிக்கற தம்பி முதல்ல நடப்பான், அவன் நின்னா எல்லாரும் நிப்போம். ஷூவை எடுத்துட்டான். வரேன் மக்களே.