± குறி: ஒரே கணக்குக்கு ரெண்டு விடை எங்கிருந்து வருது?

[திரை: ஒரு செவ்வகம். அகலம் அ, நீளம் அ + 20. நடுவில் 2400 சதுர அடி.]

சென்னையில மனை விலை பேசுறப்போ கிரவுண்டு கணக்குலதான் பேசுவாங்க. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. மனையோட நீளம் அகலத்தைவிட 20 அடி கூடுதல்னா, அகலம் எவ்வளவு? அகலத்தை அ-ன்னு வச்சுக்குவோம்.

[திரை: அ² + 20அ = 2400]

வர்க்கப் பூர்த்தி முறையில போவோம். 20-ல பாதி 10, அதோட வர்க்கம் 100. அந்த நூறை ரெண்டு பக்கமும் கூட்டுங்க.

[திரை: (அ + 10)² = 2500]

இந்த வரியில கொஞ்சம் நில்லுங்க. எதை வர்க்கப்படுத்தினா 2500 வரும்? 50. மைனஸ் 50-ஐயும் அதாலேயே பெருக்கிப் பாருங்க, அதே 2500. வர்க்கப்படுத்தினதும் குறி அழிஞ்சுபோச்சு. முதல்ல இருந்தது பிளஸ்ஸா மைனஸான்னு 2500-ஐப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்ல. அதனால ரெண்டையும் எழுதியாகணும்.

[திரை: அ + 10 = ±50]

± குறியை "அல்லது"ன்னு படிங்க. இது ஒரு வரியில மடிச்சு வச்ச ரெண்டு சமன்பாடு. உடனே பிரிச்சு, தனித்தனி வரியா எழுதிடுங்க.

[திரை: அ + 10 = 50, எனவே அ = 40
அ + 10 = −50, எனவே அ = −60]

மைனஸ் 60 அடி அகலத்துல மனை ஏது? இல்லதான். ஆனா அது தப்பான தீர்வு இல்ல. −60-ஐயும், அதோட 20 கூட்டின −40-ஐயும் பெருக்குங்க, 2400 சரியா வருது. நாம கேக்குறது மனையைப் பத்தின்னு சமன்பாட்டுக்குத் தெரியாது. அதனால ரெண்டு தீர்வையும் எழுதிட்டு, "அகலம் குறை எண்ணாக இருக்காது"ன்னு காரணம் சொல்லி −60-ஐ விடுங்க. நமக்குப் பழக்கமான நாப்பதுக்கு அறுபது மனைதான் விடை.

இப்போ நிறைய பேர் சறுக்குற இடம்.

[திரை: √25 = ±5 ✗   √25 = 5 ✓]

√ குறி பூச்சியத்தையோ மிகை எண்ணையோ மட்டும்தான் தரும். அ² = 7-ன்னா விடையை ±√7-ன்னு எழுதுறோம். √7-க்குள்ளேயே ரெண்டு குறியும் இருந்தா, வெளியே தனியா ± போட வேண்டிய அவசியமே இல்லையே! வர்க்கத்தைப் பிரிக்கிறப்போ அந்தக் குறியை நாமதான் சேர்க்கிறோம்.

இதை மறந்தா இந்தக் கணக்கு காலை வாரிடும்:

[திரை: √(அ + 6) = அ]

ரெண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினா 3, −2-ன்னு ரெண்டு எண் வரும். −2-ஐ முதல் வரியில போட்டுப் பாருங்க. இடப்பக்கம் √4, அதாவது 2. வலப்பக்கம் −2. பொருந்தல. மனைக் கணக்குல −60 சமன்பாட்டுக்குப் பொருந்துச்சு, மனைக்குத்தான் பொருந்தல. இங்கே −2 சமன்பாட்டுக்கே பொருந்தல. வர்க்கப்படுத்தினதால புதுசா நுழைஞ்ச எண் அது.

அடுத்து, இருபடிச் சூத்திரம். அதே மனைக் கணக்கு, அ² + 20அ − 2400 = 0. தன்மைகாட்டி, அதாவது சூத்திரத்துல √ குறிக்குள்ள வர்ற பகுதி, 400 + 9600 = 10000. வர்க்கமூலம் 100.

[திரை: அ = (−20 ± 100) ÷ 2]

வகுத்தல் கோட்டை −20-க்கும் சேர்த்து இழுக்கணும். 100-ஐ மட்டும் வகுத்து −20 ± 50-ன்னு எழுதினா 30, −70 வரும். அகலம் 30-ன்னா நீளம் 50, பரப்பு 1500 தான். கோடு குட்டையாப் போனதால 900 சதுர அடி காணாமப் போச்சு! தன்மைகாட்டி பூச்சியமா இருந்தா ±0, ஒரே விடை. குறை எண்ணா வந்தா மெய் மூலமே இல்ல.

பழக்கதோஷத்துல கன மூலத்துக்கும் ± போட்டுடாதீங்க.

[திரை: அ³ = 27]

3-ஐ மூணு தடவை பெருக்கினா 27. −3-ஐப் பெருக்கினா −27. இங்கே குறி அழியல, அதனால மெய்யெண்ல 3 மட்டும்தான் விடை. அ⁴ = 16-ன்னு வந்தா? 2-ம் 16 தரும், −2-ம் 16 தரும். அங்கே மறுபடியும் ± போடுங்க.