தரை இழைக்கும் மூவரும் ஓர் உயிலும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கணநேர ஒளியையும் அன்றாடக் காட்சியையும் பிடிக்க முயன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாணியான இம்ப்ரெஷனிச ஓவியங்களின் உயிர் ஒளியிலா, மனிதரிலா என்ற தலைப்பில், மனிதரிலேயே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கையிபோத் 1875-இல் வரைந்த 'தரை இழைப்பவர்கள்' ஓவியத்தைக் குறிப்பிட்டு, "மரச்சீவலைப் பார்க்க பாரிஸ் வரை போவானேன், உள்ளூர்த் தச்சுப்பட்டறை போதாதா?" என்று கேட்டார், அவையும் கைதட்டியது. என்னிடம் வேறு வாதங்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அவற்றுக்கு நகர எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? இடுப்புக்கு மேல் ஆடையில்லாத மூன்று தொழிலாளர்கள், ஒரு பணக்கார வீட்டின் மரத்தரையில் மண்டியிட்டு, பழைய மெருகைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். சுருள் சுருளாகச் சீவல் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு புட்டியும் கோப்பையும் இருக்கின்றன. இருவர் ஒருவர் பக்கம் ஒருவர் தலைசாய்த்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சைத்தான், நடுவர் அவர்களே, நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். முதுகு வளைந்திருக்கிறது, கைகள் முன்னே நீண்டிருக்கின்றன, வேலை நிற்கவில்லை. அதற்கிடையிலும் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல ஒருவனுக்கு ஏதோ இருக்கிறது. ஒளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய நண்பரைக் கேட்கிறேன்: பின்னாலிருக்கும் சன்னல் வழியே நுழையும் அந்த ஒளி கடைசியில் எங்கே போய் விழுகிறது? உழைத்து வளைந்த அந்த முதுகுகளின் மேல்தானே!

வயலில் கதிர் பொறுக்கும் பெண்களை மில்லே 1857-லேயே வரைந்துவிட்டார். நகரத்துத் தொழிலாளியை, அதுவும் ஒரு வீட்டுக்குள் வேலை பார்ப்பவரை, இவ்வளவு பெரிதாக வரைந்தவர் அன்று அரிது. 1875-இல், பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனின் தேர்வுக் குழு இந்த ஓவியத்தை நிராகரித்தது. மறு ஆண்டு இம்ப்ரெஷனிஸ்டுகளின் இரண்டாம் கண்காட்சியில் இது இடம்பெற்றபோது, புதிய ஓவியர்களை ஆதரித்த எழுத்தாளர் எமில் ஜோலாவே இதன் துல்லியத்தைக் கலைக்கு விரோதமானது என்று குறை சொன்னார். ஆக, எதிரணி நண்பரின் ஏளனம் புதிதன்று.

அதே 1876 நவம்பரில், தம்பி ரெனே இறந்த சில நாள்களுக்குள், கையிபோத் உயில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 28. சந்தை சீந்தாத காலத்தில் தாம் வாங்கிச் சேர்த்த நண்பர்களின் ஓவியங்களை அரசுக்கு எழுதி வைத்து, அவை பரணுக்கோ வெளியூர் அருங்காட்சியகத்துக்கோ போகக் கூடாது, வாழும் ஓவியர்களின் படைப்புகளுக்கான பாரிஸின் லக்சம்பர்க் அருங்காட்சியகத்துக்கும் பிறகு லூவருக்குமே போக வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். மொனே, ரெனுவார், தெகா, பிஸ்ஸாரோ, சிஸ்லி, செசான் என்று அத்தனை பேரும் அந்தத் தொகுப்பில் இருந்தார்கள். அவர் மட்டும் இல்லை. தம் ஓவியம் ஒன்றைக்கூட அவர் அதில் சேர்க்கவில்லை, நடுவர் அவர்களே; ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை!

1894-இல், 45 வயதில், அவர் இறந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ரெனுவாரிடம் இருந்தது. அரசுடன் நீண்ட இழுபறி நடந்து, தொகுப்பில் ஒரு பகுதி மட்டுமே ஏற்கப்பட்டது. ஆனால் இறந்தவர் தமக்கென்று கேட்காததை அவர் குடும்பத்தார் கேட்டார்கள். ரெனுவார் வழியாக அவர்கள் அரசுக்குக் கொடுத்த ஓவியம், சலோன் தள்ளிய இந்தத் 'தரை இழைப்பவர்கள்'தான். இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நண்பனுக்காக ஒரு நண்பர் கொண்டுபோய்ச் சேர்த்த இந்தப் படத்தை மனத்தில் வைத்துத் தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி.