ஒன்றும் முளைக்காத வருடம்

நேயர்களே, வணக்கம்.

கிரேக்கப் புராணங்களில் வரும் பெண்களைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். ஹெலன், மெடியா, மெடூசா, ஆன்டிகனி, பெனலப்பி என்று ஆரம்பித்தால் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கொடுத்த நேரம் போய்விடும். அதனால் ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவளைத் தொட்டால் மகளும் கூடவே வருவாள், வரட்டும். தானியத்தின் தெய்வமான டிமீட்டர், அவள் மகள் பெர்செஃபனி.

இந்தக் கதையை உங்களில் பலர் சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். மகள் பாதாளத்தில் இருக்கும்போது குளிர்காலம், மேலே வந்தால் வசந்தம், பருவங்கள் இப்படித்தான் உண்டாயின என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். சரி, அதுவும் அதில் இருக்கிறது. ஆனால் பழைய பாட்டைப் படித்துப் பார்த்தால் பருவங்கள் ஒரு ஓரமாகத்தான் வருகின்றன. பாட்டின் நடுவில் இருப்பது ஒரு கல்யாணம். பெண்ணைக் கேட்காமல், பெற்றவளையும் கேட்காமல், அப்பன் மட்டும் தலையாட்டி முடித்துவிட்ட கல்யாணம்.

ஹோமரின் பெயரில் வழங்கும் துதிப்பாடல்களில் ஒன்று அது. ஹோமர் பாடியதல்ல, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கி.மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவானது, 495 வரி. இந்தப் பாட்டு முழுதாக இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில். 1777இல் மாஸ்கோவில் மத்தேயி என்ற ஜெர்மன் அறிஞர் அதைக் கண்டெடுத்தார். ஒரு தொழுவத்தில் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் நடுவே பல காலம் கிடந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்போது நெதர்லாந்தில் லைடன் நகரத்து நூலகத்தில் இருக்கிறது. பன்றியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கதை ஒரு புல்வெளியில் தொடங்குகிறது. பெர்செஃபனி தோழிகளோடு பூப் பறித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே ஒரு நார்சிசஸ் செடி. ஒரே வேரிலிருந்து நூறு பூ. அதைப் பூமித்தாய் முளைக்க வைத்ததே தெய்வங்களின் அரசன் ஜீயஸ் சொல்லித்தான் என்று பாட்டு அப்போதே சொல்லிவிடுகிறது. அதாவது, பெற்ற தகப்பனே கண்ணி வைத்திருக்கிறான். பெண் இரண்டு கையையும் நீட்டிப் பூவைப் பறிக்கப் போகிறாள், தரை பிளக்கிறது, பாதாளத்தின் அரசன் ஹேடிஸ் பொன் தேரில் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவள் கத்துகிறாள். யாரைக் கூப்பிட்டுக் கத்துகிறாள் தெரியுமா? அப்பாவை.

ஹேடிஸ் ஜீயஸுக்கு உடன்பிறந்தவன், டிமீட்டருக்கும் உடன்பிறந்தவன். அந்த வழியில் பார்த்தால் தாய்மாமன், இந்த வழியில் பார்த்தால் சித்தப்பனோ பெரியப்பனோ. நம் உறவுமுறைக் கணக்கை இங்கே போட ஆரம்பித்தால் தலை சுற்றும், விட்டுவிடுவோம்.

இதை அன்றைய கிரேக்கர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்? ஏதென்ஸ் நகரத்தில் பெண்ணுக்குப் பதினான்கு பதினைந்து வயதில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு முப்பது வயது இருக்கும். நிச்சயம் என்பது பெண்ணின் தகப்பனுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே நடக்கும் பேச்சு. பெண் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அப்போது தகப்பன் சொல்லும் வாசகம் மெனாண்டரின் நாடகங்களில் வருகிறது. முறையான பிள்ளைகளை உழுது எடுக்க இவளை உனக்குத் தருகிறேன் என்பது அதன் பொருள். உழவு என்றே சொல்கிறார்கள். பெண் என்றால் நிலம். அந்த ஊர்ச் சட்டப்படி பார்த்தால் ஜீயஸ் ஒரு தப்பும் செய்யவில்லை.

சாவுக்கும் கல்யாணத்துக்கும் அங்கே நெருக்கம் அதிகம். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை ஹேடிஸின் மணப்பெண் என்பார்கள். சோஃபக்ளிஸ் எழுதிய நாடகத்தில் ஆன்டிகனி, சாகப் போகும்போது, பாதாள ஆறான அக்கெரோனுக்குத்தான் நான் வாழ்க்கைப்படப் போகிறேன் என்று அழுகிறாள். 1972இல் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் மெரெண்டா என்ற இடத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு பெண் சிலை கிடைத்தது. சுமார் 2,500 ஆண்டுக்கு மேல் பழையது. தலையில் மலர்க்கிரீடம், கையில் விரியாத தாமரை மொட்டு. பீடத்தில் எழுதியிருக்கிறது: இது ஃபிராசிக்ளியாவின் கல்லறை, என்றைக்கும் நான் கன்னி என்றே அழைக்கப்படுவேன், கல்யாணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குக் கொடுத்த பெயர் அது. ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறாள்.

சரி, கதைக்கு வருவோம். மகளின் குரல் மலையிலும் கடலிலும் எதிரொலிக்கிறது. தாய் கேட்டுவிடுகிறாள். தலைத்துணியைக் கிழித்துக்கொண்டு, இரண்டு கையிலும் தீவட்டியோடு ஒன்பது நாள் அலைகிறாள். தேவாமிர்தம் தொடவில்லை, குளிக்கவில்லை. தெய்வங்களோ மனிதர்களோ, ஒருவரும் அவளிடம் உண்மையைச் சொல்ல வரவில்லை. பத்தாம் நாள் ஹெக்கட்டி என்ற தெய்வம் வந்து, குரலைக் கேட்டேன், ஆளைப் பார்க்கவில்லை என்கிறாள். இரண்டு பேரும் சூரியனிடம் போகிறார்கள். எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறவன் அவன்தானே. சூரியன் உள்ளதைச் சொல்கிறான், சொல்லிவிட்டு ஆறுதலும் சொல்கிறான்: அழாதே அம்மா, ஹேடிஸ் ஒன்றும் தகாத மருமகன் இல்லை, உன் கூடப்பிறந்தவன், உலகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ராஜா.

நல்ல இடம், நல்ல குடும்பம், சொத்துபத்து உண்டு. கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?

இதைக் கேட்ட பிறகுதான் டிமீட்டருக்குத் துக்கம் கோபமாக மாறுகிறது. தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலையை விட்டு இறங்கி, கிழவி வேடத்தில் எலூசிஸ் என்ற ஊருக்கு வந்து கிணற்றடியில் உட்காருகிறாள். தண்ணீர் எடுக்க வந்த நான்கு அக்காதங்கைகள் அவளிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். என் பெயர் டோசோ, கிரீட்டிலிருந்து கடற்கொள்ளைக்காரர்கள் பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தப்பித்து வந்தேன் என்கிறாள். பொய்தான். ஆனால் மகளுக்கு நடந்ததைத்தான் தனக்கு நடந்ததாகச் சொல்கிறாள்.

பெண்கள் அவளைக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். வீட்டுக்காரி மெட்டனீரா நல்ல நாற்காலியைக் கொடுக்க, அதில் உட்கார மாட்டாள். பேசவும் மாட்டாள், சாப்பிடவும் மாட்டாள். அந்த வீட்டில் இயாம்பி என்று ஒரு வேலைக்காரி. அவள்தான் ஒரு முக்காலியைப் போட்டு, மேலே ஆட்டுத்தோலை விரித்து உட்கார வைக்கிறாள். அப்புறம் கேலி பேச ஆரம்பிக்கிறாள். டிமீட்டர் முதலில் புன்னகைக்கிறாள், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிடுகிறாள். என்ன கேலி என்று பாட்டில் இல்லை. பிற்காலத்தில் பாபோ என்ற கிழவியை வைத்து இதே சம்பவத்தைச் சொல்கிறார்கள், அவள் செய்ததை வானொலியில் முழுதாகச் சொல்ல முடியாது. சேலையைத் தூக்கினாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இழவு வீட்டில் ஒரு கிழவி அடிக்கும் பச்சைக் கேலிக்கு அழுதுகொண்டிருப்பவர்களும் சிரித்துவிடுவார்களே, அந்தச் சிரிப்புதான். எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த ஆள் இயாம்பி.

சிரித்த பிறகு டிமீட்டர் திராட்சைரசம் வேண்டாம் என்று சொல்லி, வாற்கோதுமை மாவையும் ஒரு வகைப் புதினாவையும் தண்ணீரில் கலக்கி வாங்கிக் குடிக்கிறாள். குழந்தையை வளர்க்கிறாள். பகலில் அமிர்தம் பூசி, இரவில் யாருக்கும் தெரியாமல் நெருப்புக்குள் வைத்து, அவனைச் சாகாதவனாக்கப் பார்க்கிறாள். ஓர் இரவு மெட்டனீரா பார்த்துவிட்டு அலறுகிறாள். அலறாத தாய் உண்டா? ஆனால் பிள்ளையை இழந்த ஒருத்தியின் கையிலிருந்து இன்னொரு பிள்ளையும் போகிறது. டிமீட்டர் குழந்தையைத் தரையில் போட்டுவிட்டு, தன் சொந்த உருவத்தில் எழுந்து நிற்கிறாள். எனக்கு ஒரு கோயில் கட்டுங்கள் என்கிறாள். கட்டியதும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அங்கே தொடங்குகிறது அந்தப் பயங்கரமான வருடம். மாடுகள் வீணாகக் கலப்பை இழுக்கின்றன, விதைத்த வாற்கோதுமை மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. டிமீட்டர் போர் தொடுக்கவில்லை, இடி இறக்கவில்லை. தன் வேலையைச் செய்யாமல் உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான். நம் பேச்சில் சொன்னால் வேலைநிறுத்தம்.

ஜீயஸ் எப்போது அசைந்தான் என்று பாருங்கள். மகள் அவனைக் கூப்பிட்டுக் கத்தியபோது அவன் எங்கோ ஒரு கோயிலில் உட்கார்ந்து காணிக்கை வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது மனித இனமே பட்டினியில் அழிந்தால் தெய்வங்களுக்குப் படையல் போட ஆள் இருக்காது என்று உறைத்தவுடன் தூது அனுப்புகிறான். முதலில் ஐரிஸ். அப்புறம் தெய்வங்கள் ஒவ்வொருவராக, பரிசும் பதவியும் தருவதாகச் சொல்லிக்கொண்டு. என் மகளைக் கண்ணால் பார்க்காமல் ஒலிம்பஸில் கால் வைக்க மாட்டேன், ஒரு விதையையும் முளைக்க விட மாட்டேன் என்கிறாள். கடைசியில் தூதுத் தெய்வமான ஹெர்மீஸைப் பாதாளத்துக்கு அனுப்பிப் பெண்ணைக் கூட்டி வரச் சொல்கிறான். இத்தனையிலும் ஜீயஸ் அவள் எதிரில் வந்து நிற்கவில்லை. பெண்ணைக் கேட்காமல் கொடுத்தவனுக்கு அவள் தாயின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

புறப்படும் நேரத்தில் ஹேடிஸ் ஒரு மாதுளை முத்தைக் கொடுத்து விடுகிறான். ஒரே ஒரு முத்து. ஏழு முத்து என்பது பல நூற்றாண்டு கழித்து வந்த ரோமக் கவிஞர் ஓவிடின் கணக்கு. அங்கே சாப்பிட்டவள் அங்கே திரும்பித்தான் ஆக வேண்டும். தாய் மகளைக் கட்டிப்பிடித்ததும் முதலில் கேட்பதே, அங்கே ஏதாவது சாப்பிட்டாயா என்றுதான். இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாட்டுக்காரர் இதைச் சொன்னபோது ஹேடிஸ் அதைத் திருட்டுத்தனமாகக் கொடுத்தான் என்று மட்டும் சொன்னார். மகள் தாயிடம் சொல்லும்போது, எனக்கு இஷ்டமில்லாமல் கட்டாயப்படுத்தித் தின்ன வைத்தான் என்கிறாள். நடந்தது அதுவா, அம்மாவின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாளா? அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்று பாட்டு எங்கேயும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, அந்த ஒரே பிரதியில் தாயும் மகளும் சந்திக்கும் அந்தப் பக்கம்தான் கிழிந்திருக்கிறது.

முடிவு ஒரு சமரசம். வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு கணவனிடம், மீதி தாயிடம். இதைச் சொல்லி டிமீட்டரைச் சம்மதிக்க வைப்பது அவளுடைய அம்மா ரேயா. பாதாளத்தில் மகளின் வாழ்க்கை எப்படிப் போனது என்று கேட்டால், ஹோமரின் ஒடிசியைப் பாருங்கள். அங்கே அவள் பயங்கரமான பெர்செஃபனி. செத்த பெண்களின் ஆவிகளை அனுப்புகிறவளும் அவள், கலைத்து விரட்டுகிறவளும் அவள். கோர்கன் என்ற கொடிய அரக்கியின் தலையை அனுப்பிவிடுவாளோ என்று பயந்துதான், அங்கே வந்த கதாநாயகன் ஒடிசியஸ் கப்பலுக்கு ஓடுகிறான்.

இந்தக் கதையை வைத்து இரண்டு வழிபாடுகள் இருந்தன. எலூசிஸின் மறைச்சடங்குக்கு ஆண், பெண், அடிமை என்று யாரும் வரலாம், கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும், கொலைப்பழி இருக்கக்கூடாது. உள்ளே பார்த்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை. தீட்சை பெற வருகிறவர் ஆளுக்கொரு பன்றிக்குட்டியைக் கடலில் குளிப்பாட்டிப் பலி கொடுக்க வேண்டும். டிமீட்டருக்கு உகந்த மிருகம் அது. தொழுவத்தில் பன்றிகளுக்கு நடுவே அந்தப் பிரதி கிடந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். இன்னொன்று தெஸ்மஃபோரியா. இலையுதிர் காலத்தில், விதைப்புக்கு முன்னால், பெண்கள் மட்டும் கூடும் விழா. ஏதென்ஸில் மூன்று நாள். இரண்டாம் நாள் தரையில் உட்கார்ந்து பட்டினி கிடப்பார்கள், டிமீட்டர் கிடந்த மாதிரி. இயாம்பியைப் போலப் பச்சையாகக் கேலி பேசிக்கொள்வதும் சடங்கிலேயே சேர்த்தி. குழிக்குள் போட்டு மக்கிப்போன பன்றிக்குட்டிகளின் மிச்சத்தை எடுத்து விதையோடு கலப்பார்கள். வருடம் முழுதும் வீட்டோடு இருந்த பெண்களுக்கு அந்த மூன்று நாளும் ஆண்கள் இல்லாத நாட்கள்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில், ரோமப் பேரரசு கிறிஸ்துவ மதத்துக்கு மாறிய பிறகு, எலூசிஸ் கோயில் ஓய்ந்துபோனது. ஆனால் ஊரில் ஒரு கற்பெண் நின்றிருந்தாள். உண்மையில் அது கோயில் வாசலைத் தாங்கிய தூண் சிலை, தலையில் சடங்குக் கூடை. ஊர்க்காரர்கள் அவளைப் புனித தெமெத்ரா என்றார்கள். அப்படி ஒரு புனிதர் திருச்சபைப் பட்டியலில் கிடையாது. கழுத்துவரை எருவைக் குவித்து வைத்திருந்தார்கள், வயல் விளைவதே அவளால்தான் என்று. 1801இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க், ஆட்சியில் இருந்த துருக்கியரிடம் அனுமதி வாங்கி அவளைத் தூக்க வந்தார். முந்தின நாள் மாலை ஒரு மாடு நுகத்திலிருந்து விடுபட்டு ஓடி வந்து சிலையை முட்டியது. ஊரே பயந்துபோனது. அவளை எடுத்தால் விளைச்சல் போகும், ஏற்றிப் போகும் கப்பல் மூழ்கும் என்றார்கள். கப்பல் இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்தில் உடைந்துதான் போனது. சிலையை மீட்டுவிட்டார்கள்.

இப்போது அவள் கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். அந்த வாசலில் இரண்டு தூண்பெண்கள் நின்றிருந்தார்கள். மற்றவள் எலூசிஸிலேயே இருக்கிறாள்.

வணக்கம்.