அழாத தாய்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவர் கைதானால் முதல் பக்கம். அவரே விடுதலையானால் உள்பக்க மூலையில் நாலு வரி. இது நீங்களும் கவனித்த விஷயம்தான். இன்று நான் பேச நினைப்பது அதற்கும் ஒரு படி முன்னால்: ஊடகம் காட்டிய ஒரு முகம், நீதிமன்றத்துக்குள் எப்படிச் சாட்சியாகிறது என்பது.

1980 ஆகஸ்ட் 17. ஆஸ்திரேலியாவின் நடுவே உலுரு பாறை. அருகே கூடாரம் போட்டுத் தங்கியிருந்த குடும்பத்தின் இரண்டு மாதக் கைக்குழந்தை அசாரியா, இரவில் காணாமல் போனது. டிங்கோ, அதாவது அந்நாட்டுக் காட்டுநாய், தூக்கிப்போனது என்று அலறினார் தாய் லிண்டி சேம்பர்லேன்.

அப்புறம் தொலைக்காட்சியில் நிதானமாக, கோர்வையாகப் பேசினார். அழவில்லை. அவ்வளவுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படியா இருப்பாள்? 'அசாரியா' என்றால் 'பாலைவனத்தில் பலி' என்று பொருளாம் என்றொரு வதந்தி வேறு. உண்மையில், 'கடவுள் உதவினார்' என்று பொருள்படும் எபிரேயப் பெயர் அது. யாராவது அகராதியைப் புரட்டியிருக்கலாம்.

1981 பிப்ரவரியில் முதல் மரண விசாரணை தாய் சொன்னதையே ஏற்றது. வதந்தியை அடக்க, அந்த முடிவைத் தொலைக்காட்சி நேரலையிலேயே வாசித்தார்கள். வாய்கள் மூடவில்லை. விசாரணை மறுபடி திறந்தது. காரின் முன்பலகைக்கு அடியில் தெறித்திருந்த துளிகள் குழந்தையின் ரத்தம் என்று நிபுணர் சாட்சி வந்தது. 1982-ல் லிண்டிக்கு ஆயுள் தண்டனை.

அந்தத் துளிகள், கார் தயாரிப்பில் சத்தம் குறையத் தெளிக்கும் பூச்சு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. பூச்சு எப்படி ரத்தமாகத் தெரிந்தது? சோதனையில் கோளாறு இருந்தது, சரி. ஆனால் எல்லோரும் அதை அவ்வளவு எளிதாக நம்பியது, முன்பே ஒரு கதை மனதில் ஏறியிருந்ததால்தான் என்பது என் கணிப்பு. ஜூரிகளும் அதே தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள்தானே. 'வெளியே கேட்டதை மறந்துவிடுங்கள்' என்று நீதிபதி சொல்வது, குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்ற கதைதான்.

பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைது நடந்த பிறகு வழக்கைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய செய்தியை வெளியிட்டால், நோக்கம் எதுவானாலும் நீதிமன்ற அவமதிப்பு. நல்ல வேலிதான். ஆனால் ஒரு தாய் அழுதாளா இல்லையா என்ற பேச்சை எந்த வேலி தடுக்கும்?

1986-ல் பாறையிலிருந்து விழுந்த ஒரு பயணியின் உடலைத் தேடியபோது, டிங்கோக்களின் குகைகள் நிறைந்த இடத்தில் அசாரியாவின் சிறு மேற்சட்டை கிடைத்தது. குழந்தை அதைப் போட்டிருந்ததாக லிண்டி முதலிலிருந்தே சொல்லிவந்தார். அரசுத் தரப்பு நம்பவில்லை. சில நாள்களில் விடுதலை. 1988-ல் தீர்ப்பு ரத்து.

2012-ல் நான்காவது மரண விசாரணை, டிங்கோதான் என்று முடித்தது. பெற்றோருக்கு இரங்கல் சொல்லும்போது விசாரணை அதிகாரிக்கே குரல் தழுதழுத்தது.