ஏசி பட்டன் விளக்குக்கு எல்இடி: வீட்டிலேயே மாற்றலாம்

[காட்சி: இரவு, காருக்குள். ஏசி பேனலில் ஒரு குமிழ் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. மற்ற இரண்டும் இருட்டு.]

ராத்திரியில் மதுரையிலிருந்து நத்தம் பக்கம் போகிறோம். திடீரென்று மழை. முன் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மங்குகிறது. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பும் குமிழ் எங்கே? விளக்கு எரியாததால் கையால் தடவித் தேடுகிறோம், கண்ணும் சாலையை விட்டுக் கீழே போகிறது. எதிரே லாரி வரும் நேரத்தில் அந்த ஒரு நொடி பெரிய ஆபத்து. அதனால்தான் இந்தச் சின்ன பல்பைப் பற்றி ஒரு முழு வீடியோ.

[காட்சி: உள்ளங்கையில் பழைய பல்பு, மிக அருகில்.]

கண்ணாடி உள்பக்கம் கறுத்திருக்கிறது பாருங்கள். சூட்டில் இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் அங்கே படிந்திருக்கிறது. இது 12 வோல்ட், 1.2 வாட் பல்பு. 100 மில்லி ஆம்பியர் இழுத்து, பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்குகிறது. எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியரே தாராளம்.

வாங்கப் போகும்போது பழைய பல்பைக் கையோடு எடுத்துப் போங்கள். டி5 (இந்த பல்பின் அளவுக்கான பெயர்) என்று கேட்டால் தருவார்கள், ஆனால் அடிப்பாகத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். நிறம்தான் பலர் கோட்டை விடும் இடம். நீலம் அழகாக இருக்கிறது என்று வாங்குவார்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், பளீர் நீலம் அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். பல்புக்கு மேல் பச்சை ரப்பர் மூடி இருந்தால் பச்சை எல்இடியே வாங்குங்கள். பேனலில் சிவப்புக் கோடுகள் இருந்தால் வார்ம் வைட், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை நல்லது. சாதாரண வெள்ளை எல்இடியில் சிவப்பு ஒளி குறைவு, அந்தக் கோடுகள் மங்கிவிடும்.

[காட்சி: போனட் திறப்பு. 10 எம்எம் ஸ்பேனர்.]

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். சில மியூசிக் சிஸ்டம் திரும்ப உயிர் பெற ரகசிய எண் கேட்கும், அது கையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது.

குமிழ்களை நேராக இழுத்தால் வந்துவிடும். பேனலைக் கழற்றும்போதுதான் பொறுமை வேண்டும். பல வருடம் நம் ஊர் வெயிலில் நின்ற வண்டியில் பிளாஸ்டிக் கிளிப்பெல்லாம் முறுகிப்போயிருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் படக்கென்று உடையும். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு ஓரம் ஓரமாக நெம்புங்கள். இறுகினால் அங்கே எங்கோ ஒரு திருகு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பின்னால் பல்பு ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் கழன்றுவிடும். எல்இடியைச் செருகி, பேனலை மூடுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து பார்க்கிங் லைட்டைப் போடுங்கள். எரியவில்லையா? பதற வேண்டாம். பல்பு எந்தப் பக்கம் போட்டாலும் எரியும், எல்இடி அப்படியில்லை. திருப்பிச் செருகினால் எரியும்.

[காட்சி: பேனலில் நடுவில் மட்டும் பளீரென்று ஒரு புள்ளி, ஓரங்கள் இருட்டு.]

இதுவும் நடக்கும். பல்பு எல்லாப் பக்கமும் ஒளி விடும், எல்இடி முன்னால் மட்டும் அடிக்கும். அதன் தலையை நைஸான உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள், ஒளி பரவும்.

சில வண்டிகளில் அரிசி அளவுச் சின்ன பல்பைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அங்கே தனி எல்இடியோடு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை ஏறும், வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் போதும். 680 ஓம் போட்டால் ஏறத்தாழ 17 மில்லி ஆம்பியர் பாயும், அரை வாட் ரெசிஸ்டராக வாங்குங்கள். என் கணக்கில் இந்த வேலைக்கு 17 மில்லி ஆம்பியரே கூடுதல். 1,500 ஓம் போட்டால் 8 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும், ராத்திரிக்குக் கண் கூசாது. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் இதெல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) உள்ள வண்டியில் ஒன்று கவனியுங்கள்: சில எல்இடிகள் படிப்படியாக மங்காமல், ஒரு கட்டத்தில் சட்டென்று அணைந்துவிடும்.

[காட்சி: மீட்டரில் சிவப்பு பேட்டரி அடையாளம்.]

கையோடு கையாக மீட்டர் விளக்குகளையும் மாற்றத் தோன்றும். மாற்றலாம், ஆனால் இந்த பேட்டரி விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கத் தொடங்குவதற்கான முதல் மின்னோட்டம் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி அந்த அளவை விடாது. மாற்றினால் சார்ஜே ஏறாமல் நடுவழியில் வண்டி நிற்கும்.

[காட்சி: பேனல் பொருந்துகிறது. குமிழ்கள் ஒவ்வொன்றாக.]

பேனலை அழுத்தும்போது ஒவ்வொரு கிளிப்புக்கும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும். ஏதாவது ஒன்று உட்காராவிட்டால் மேடுபள்ளத்தில் கடகடக்கும். அப்புறம், ஊருக்கு வெளியே தெருவிளக்கு இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை ஓரம்கட்டி, வெளிச்சம் கண்ணை உறுத்துகிறதா என்று பாருங்கள். வீட்டு வாசல் வெளிச்சத்தில் அது தெரியாது.